ஓம் சொன்ன சேரும் புல் முளைக்காத காணியும்

நடந்தவை, வரிசைப்படி:

1. கலவரத்தில் எரிந்த பற்றரித் தொழிற்சாலை ஒன்றின் காணியில் வீடுகள் கட்டலாமா என்று பார்த்துச் சொல்லும்படி மண்ணைச் சோதிக்கும் எங்கள் அரசாங்கக் கந்தோருக்கு உத்தரவு வந்தது.

2. எங்கள் பகுதிக்குப் பொறுப்பான சேர் தலைமையில் போய் மண் எடுத்தோம். நல்ல மண் என்று அறிக்கை கொடுத்தோம்.

3. அந்த நல்ல மண்ணில் காயப்போட்ட வேட்டி ஒன்று சல்லடையானது.

4. புத்தர் இடம் மாறினார். பின்தங்கிவிடக் கூடாது என்று பிள்ளையாரும் மாறினார்.

5. திரும்பவும் மண் எடுத்தோம். இந்த முறை அது நல்ல மண்ணாக இருக்கவில்லை.

6. சேருக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது.

இதில் முதல் ஐந்தையும் முன்னால் வைத்துக்கொண்டு தலைமையகத்திலிருந்து வந்த மூன்று பேர் விசாரணை நடத்தினார்கள். தவறு எங்கே நேர்ந்தது என்று திட்டமாகக் கூற முடியவில்லை என எழுதிவிட்டு, பகல் சாப்பாடு முடிந்ததும் கொழும்புக்குத் திரும்பினார்கள். நாங்கள் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் முஸ்லிம் சாரதியைக் கேட்டிருந்தால் வாகனத்தை நிறுத்தாமலே சொல்லியிருப்பார். சேருக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. மற்ற எல்லாம் அதிலிருந்து வந்தவை.

சேர் யாழ்ப்பாணத்தவர். மனைவியும் மகளும் அங்கே இருந்தார்கள். இவர் இருபது வருடத்துக்கு மேலாகக் கண்டியில், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டில் அறை எடுத்திருந்தார். இரசாயனம் படித்தவர். நான் தொழில்நுட்பக் கல்லூரி முடித்து, நாவலப்பிட்டியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகும் உதவியாளராக அவரிடம் சேர்ந்தேன். முதல் நாள் மூன்று விஷயங்களைக் கேட்டேன். எனக்கென்று ஒரு மேசை கிடைக்குமா, ஆய்வுகூடத் தராசு திருத்தப்படுமா, சனிக்கிழமை வர வேண்டுமா. மூன்றுக்கும் "ஓம் பிள்ளை" என்றார். ஓம் என்றால் யாழ்ப்பாணத்தில் ஆம். சனிக்கிழமை மட்டும் உண்மையானது.

அவருடைய 'ஓம்' பொய் அல்ல. பொய் சொல்கிறவர்களுக்கு உண்மை எது என்று ஒரு கணக்கு இருக்கும். சேரின் ஓம் முன்னால் நிற்பவரின் முகத்திலிருந்து பிறந்தது. அந்த முகம் என்ன கேட்க விரும்புகிறதோ அதை உடனே கொடுத்துவிடுவார். சீனி வியாதிக்காரர். ஆனாலும் தேநீர் கொண்டு வருகிறவர் "சீனி போடவா சேர்?" என்றால் ஓம். தட்டெழுத்துப் பெண் தன் வீட்டுப் பலகாரத்தை நீட்டி "இன்னொண்ணு?" என்றால் ஓம். பின்னேரம் தலைசுற்றிக் கதிரையில் சாய்ந்திருப்பவரைப் பார்த்து "சுகமில்லையா சேர்?" என்று கேட்டால் அதற்கும் ஓம். அந்த ஒன்றுதான் அன்றைய நாளின் சரியான விடை.

ஒரு வேலைநிறுத்தத்தின்போது சங்கத்துக்காரர்கள் காலையில் வந்து, வேலைக்கு வரமாட்டேன் என்று கையெழுத்துக் கேட்டார்கள். போட்டார். பத்து நிமிடத்தில் மேலதிகாரி வந்து, வரவுப் பதிவில் கையெழுத்துக் கேட்டார். அதையும் போட்டார். மூன்று நாட்களாக அவர் வேலைக்கு வராமல் வந்துகொண்டிருந்தார். இரண்டு தரப்பும் அவரைத் தங்கள் ஆள் என்றே நம்பின.

இதைச் சிரித்துக்கொண்டு எழுதலாம். பேராதனைப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் நடந்ததை, அன்று சிரிக்க முடியாததால், இப்போதுதான் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

வாகனத்தில் நானா, சேர், நான். இளம் சிப்பாய் ஒருவன் சேரின் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்தான். சிங்களத்தில் கேட்டான். சேரின் 'ஓம் ஐயா' சிங்களத்தில் 'ஒவ் மாத்தயா' ஆகும்.

"யாழ்ப்பாணமா?"

"ஒவ் மாத்தயா."

"புலியா?"

"ஒவ் மாத்தயா."

நானாவின் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது. நான் என் அடையாள அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகு தெரிந்தது. சிப்பாய் துப்பாக்கியைச் சற்று உயர்த்தினான். அப்போது நானா தலையை வெளியே நீட்டி, தன் கெலிஓயாச் சிங்களத்தில், "தம்பி, இந்த மனிதருக்கு வேறு பதில் தெரியாது. ஜனாதிபதியின் தம்பியா என்று கேட்டுப் பார்" என்றார்.

சிப்பாய் யோசித்தான். கேட்டான்.

"ஒவ் மாத்தயா."

அவன் மற்றச் சிப்பாயைக் கூப்பிட்டுத் திரும்பவும் கேட்கச் சொன்னான். திரும்பவும் அதே பதில். இருவரும் சிரித்து, ஜனாதிபதியின் தம்பிக்குச் சலூட் அடித்து அனுப்பினார்கள். கெட்டம்பே தாண்டினோம்.

"என்னத்துக்கு சேர் எல்லாத்துக்கும் ஒவ் செல்றீங்க?" என்றார் நானா கடைசியில். "ஒரு நாளைக்கு இதாலயே மௌத்தாப் போவீங்க."

"ஓம் நானா," என்றார் சேர். மடியிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறக்க முயன்றார். மூடி வரவில்லை. நான் திறந்து கொடுத்தேன். இடியப்பம்.

எண்பத்து மூன்றில் கலவரக் கூட்டம் அவர் தங்கியிருந்த வீட்டு வாசலுக்கு வந்த கதையையும் நானாதான் சொன்னார். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று, உள்ளே தமிழர் யாரும் இல்லை என்று கத்தியிருக்கிறார். சேர் அறையில் அலுமாரிக்குப் பின்னால் இருந்திருக்கிறார். "வெளிய நிண்டவன் பேர் செல்லிக் கூப்பிட்டீந்தா, இந்த மனிசன் ஓம் எண்டு எந்திரிச்சி வந்தீப்பாரு, தங்கச்சி," என்பது நானாவின் கணிப்பு. அந்த ஒரு 'இல்லை'யால்தான் சேர் மிஞ்சினார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லைத் தானும் எடுத்துச் செலவழிக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தெரிந்ததுதானே.

இனி காணி.

கெலிஓயாவுக்குப் போகும் வழியில், தெருவிலிருந்து ஆற்றுப் பக்கமாகச் சரிந்து இறங்கும் காணி அது. லொறிப் பற்றரிகள் செய்த இடம். பழைய பற்றரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி, புதிய தகடு வார்ப்பார்கள். முதலாளி தமிழர். எரித்த பிறகு அவர் இந்தியாவுக்குப் போய்விட்டார், காணியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தொழிற்சாலையின் வரைபடம் தொழிற்சாலையோடு எரிந்துபோயிருந்தது. எது எங்கே இருந்தது என்று தெரிந்த வேலையாட்கள் ஓடிவிட்டார்கள். எரித்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர்களிடம் விபரம் கேட்கும் படிவம் எங்கள் கந்தோரில் இருக்கவில்லை.

காணிக்குப் பக்கத்தில் பழைய கொக்கோ களஞ்சியம் ஒன்று. அதற்குள் பதினெட்டுக் குடும்பங்கள் இருந்தன. ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர் குடியிருந்த லயம் எரிந்தபோது இறங்கி வந்தவர்கள். 'கொஞ்ச நாளைக்கு' என்று அங்கே வைக்கப்பட்டு, களஞ்சியத்துக்குள்ளேயே பிள்ளைகள் பிறந்து நடக்கத் தொடங்கியிருந்தன. குடும்பத்துக்குக் குடும்பம் சாக்கைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள். மழை பெய்தால் எல்லாரும் நடுவில் வந்து நிற்பார்கள். இவர்களுக்குத்தான் இந்தக் காணியில் மாதிரிக் கிராமம். அமைச்சர் அடிக்கல் நாட்ட நாள் குறித்தாகிவிட்டது. மண்ணைச் சோதிப்பது அதற்குப் பிறகு யாருக்கோ நினைவு வந்த காரியம்.

நாங்கள் போன அன்று அந்தக் குடும்பங்களின் சார்பில் முன்னால் வந்தவர் பாக்கியம் அக்கா. முப்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"வாங்க மிஸ், வாங்கய்யா. மண்ணு நல்லாத்தான் இருக்குங்க. எடுத்துப் பாருங்க. வீடு கட்டிருவாங்கதானே?"

"ஓம் அம்மா," என்றார் சேர். மண் துளைப்பான் இன்னும் வாகனத்தை விட்டு இறங்கவில்லை.

காணி முழுதும் இடுப்பளவு புதர். தொட்டாற்சுருங்கி, நாயுருவி, இடிந்த சுவர்களின் மேல் கொடி. நடுவில் மட்டும் ஒரு பெரிய வெட்டை, உள்ளங்கை போல வெறும் தரை. அதன் தெருப்பக்க ஓரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தர். எதிர்க்கடை முதலாளி வைத்தது. ஊர்க்காரர் அங்கே குப்பை கொட்டுவதை நிறுத்த வேறு எந்த அறிவித்தலாலும் முடியவில்லையாம். அதன் கீழ் ஓரத்தில் பிள்ளையார். களஞ்சியத்துக் குடும்பங்கள் வைத்தது. நாட்டில் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் கலந்து பேசாமலே ஒத்துப்போன ஒரே இடம் அந்த வெட்டைதான்.

"எவ்வளவு பக்தியான சனம், பாத்தீங்களே பிள்ளை," என்றார் சேர். "ஒரு புல் இல்லாமல் கூட்டி வைச்சிருக்கினம்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எனக்குப் படிப்பித்த முறை வேறு. காணியைச் சம கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒன்று எடுக்க வேண்டும். கட்டத்துக்குள் யார் குடியிருக்கிறார் என்று பார்க்கக் கூடாது.

"வெட்டைக்குள்ளயும் ரெண்டு மூணு எடுக்கணுமே சேர்?"

"ஓம் ஓம். எடுக்கத்தானே வேணும்."

சொல்லிவிட்டு, வரைபடத்தில் வெட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்கு வெளியே மட்டும் புள்ளிகள் வைத்தார். நான் வட்டத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, ஒரு யாழ்ப்பாணத்தான் புத்தருக்குப் பக்கத்தில கிடங்கு வெட்டினான் எண்டால், பின்னேரத்துக்கிடையில கண்டி முழுக்கக் கதை போயிடும். ஏன் வெட்டினவன் எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

அவர் பேசி நான் கேட்ட மிக நீண்ட பேச்சு அதுதான். அதில் பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. கடைக்கு முன்னால் நின்ற நாலைந்து பேர் எங்கள் கடப்பாரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எடுத்த மண்ணில் ஒன்றுமில்லை. சேர் அறிக்கையைத் தானே எழுதினார். 'மாதிரிகள் பெறப்பட்ட இடங்களில் பாதகமான எதுவும் காணப்படவில்லை.' வாசித்துக் காட்டி, "இதில பொய் ஒண்டும் வரேல்லைத்தானே?" என்று கேட்டார். வரவில்லைதான். சாவடியில் சேரை மட்டும் விட்டுவிட்டு வாகனத்தைச் சோதித்து, வாகனத்தில் புலி இல்லை என்று எழுதுவதும் பொய்யில்லை.

மாதிரிக் கிராமத் திட்ட அதிகாரிக்கு அந்த அறிக்கை மிகவும் பிடித்தது. தொலைபேசியில் பாராட்டினார்.

இரண்டு வாரத்தில் வீட்டுக் காணித் துண்டுகளுக்கு எல்லைக்கட்டை அடிக்கும்போது அளவு பார்க்க நானும் நானாவும் போனோம். முதல் நாள் நல்ல மழை. பாக்கியம் அக்காவுக்கு மேல் வரிசையில் ஒரு துண்டு விழுந்திருந்தது. ஆறு தெரியும் துண்டு. நாலு கட்டைக்கு நடுவில் குந்தியிருந்து, அடுப்பு எந்தப் பக்கம் என்று தரையில் கோடு கீறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து போய் ஒரு வேட்டியைக் கொண்டு வந்தார்.

"பாருங்க மிஸ். எங்க வீட்டுக்காரரு கோயிலுக்குக் கட்டுறது. மழை விட்டுச்சேன்னு நேத்து சாமிகிட்ட வெறுந்தரையில விரிச்சேன். எடுக்கையில இப்படி."

வேட்டியை விரித்தார். அதற்குள்ளால் அவர் முகம் பல இடங்களில் தெரிந்தது. தொட்ட இடம் பொடியாக உதிர்ந்தது.

"சாமி மண்ணுல துணி காயப்போட்டது குத்தமாம். எல்லாம் ஏசுறாங்க. நான் ரெண்டு தேங்கா ஒடைக்கிறதா வேண்டிக்கிட்டேன்."

"அக்கா, அந்த எடத்தை யாரு கூட்டுறது?"

"கூட்டுறதா? யாரும் கூட்டுறதில்லிங்க. அங்க ஒண்ணும் மொளைக்காது. சுத்துவட்டாரமே காடா கெடக்கு, அது மட்டும் எப்பவும் தொடைச்ச மாதிரி இருக்கும். அதனாலதானே சாமிக்கு சோக்கான எடம்னு அங்க வெச்சோம்."

"பிள்ளைகள் அங்க போறதா?"

"பின்ன? முள்ளு இல்ல, அட்டை இல்ல. நாள் பூரா அங்கதான் வெளையாடுதுங்க."

நான் குந்தியிருந்து அந்த மண்ணைப் பார்த்தேன். கருப்பு ஓட்டுத் துண்டுகள் மிளகு தூவியது போல் கிடந்தன. பற்றரிக் கூடு. புல் முளைக்காத இடத்தை, பக்தியோடு கூட்டிய இடம் என்று இரசாயனம் படித்த இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தோம். பற்றரிக்குள் இருப்பவை இரண்டு. அமிலம், ஈயம். அமிலம் துணியைத் தின்றால் கண்ணுக்குத் தெரியும். ஈயம் பிள்ளைகளுக்குள் போய் உட்கார்ந்தால், பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று வாத்தியார் அடிக்கும்போதுதான் தெரியும். அப்போதும் தெரியாது.

வேட்டியைக் கடதாசியில் சுற்றிக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். சேர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் இரசாயனத்தை மறந்தவர் அல்ல.

"வெட்டைக்குள்ள திரும்ப எடுக்கணும் சேர்."

"ஓம்."

"முதல் அறிக்கையை நிப்பாட்டணும்."

"ஓம் பிள்ளை."

தொலைபேசி அடித்தது. திட்ட அதிகாரி. எனக்கே கேட்கும்படி கத்தினார். அடிக்கல் நாள் மாறாது, மண்ணில் பிரச்சினை எதுவும் கிளம்பாதுதானே? "ஓம் சேர், ஓம் சேர்." வைத்தார். அடுத்த நாள் பாக்கியம் அக்கா குழந்தையோடு கந்தோருக்கே வந்துவிட்டார். நான் வேட்டியை எடுத்துப் போனதும் களஞ்சியத்தில் பயம் பிடித்திருந்தது.

"ஐயா, வேட்டி போனாப் போகுதுங்க. அதைக் காட்டி வீட்டை நிப்பாட்டிறாதீங்க. இந்தப் புள்ள அந்தச் சாக்குக்குள்ளதான் பொறந்துச்சு. வீடு வருங்களா?"

"ஓம் அம்மா."

அவர் போன பிறகு நான் ஒரு தாளில் எழுதி சேரின் மேசையில் வைத்தேன். எனக்கு: சோதிப்போம். அதிகாரிக்கு: சோதிக்க மாட்டோம். பாக்கியம் அக்காவுக்கு: எப்படியும் வீடு வரும். மூன்று ஓம், ஒரு காணி. சேர் அதை வாசித்தார். கணக்கில் பிழை இருக்கிறதா என்று தேடுவதுபோல இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, "நானா நிக்கிறாரே?" என்றார்.

விகாரைக்குப் போனோம். வழியில் வெற்றிலை வாங்கினார். விகாரையின் தலைமைப் பிக்கு, பெரிய ஹாமுதுரு, எழுபது வயதுக்காரர். அந்தப் பக்கத்தில் அவர் சொல்லாமல் ஒரு தோரணமும் ஏறாது. சேர் வெற்றிலையைக் கொடுத்து வணங்கிக் கீழே இருந்தார். பிக்குவிடம் 'ஒவ்' என்பது மரியாதை இல்லை, 'எஹெய்' என்று சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சம்மதம் சொல்லும் வகைகள் எல்லாவற்றிலும் அவர் தேர்ச்சி பெற்றவர். ஆனால் வந்த காரியத்தைச் சொல்ல வாய் வரவில்லை. வேட்டியை விரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சிங்களத்தில் நான்தான் விபரம் சொன்னேன். ஹாமுதுரு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"அங்கே தோண்ட வேண்டுமா?"

"எஹெய்."

"தோண்டினால் ஆட்கள் கூடிச் சத்தம் போடுவார்களா?"

"எஹெய்."

"தோண்டாமல் விட்டால் நல்லதா?"

"எஹெய்."

நானா கண்ணை மூடிக்கொண்டார். ஹாமுதுருவின் வாய் ஓரத்தில் எதுவோ அசைந்தது.

"மாத்தயா, நீங்கள் என்னிடம் சம்மதம் கேட்க வந்தீர்களா, மறுப்பு வாங்க வந்தீர்களா?"

"எஹெய், ஹாமுதுருவனே."

வெளியே சின்னப் பிக்கு ஒருவர் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். ஹாமுதுரு வேட்டியை எடுத்து, ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். இந்த முறை சிரிக்காமல் கேட்டார்.

"அந்த மண்ணில் வீடு கட்டி, பிள்ளைகள் வளரலாமா?"

சேர் வாயைத் திறந்தார். எஹெய் வருமென்று மூன்று பேரும் காத்திருந்தோம். வரவில்லை. சிங்களத்தில், மிகவும் மெதுவாக, "நெஹே" என்றார். இல்லை. மரியாதைச் சொல் எதுவும் சேர்க்க மறந்துவிட்டார். அந்தச் சொல்லுக்கு மரியாதை சேர்த்துப் பழகியிருக்கவில்லை.

"பிள்ளைகளுக்கு ஆகாத மண்ணில் புத்தர் மட்டும் இருந்து என்ன செய்வது?" என்றார் ஹாமுதுரு. "முதலில் அவரை எழுப்புவோம். பிறகு நீங்கள் தோண்டுங்கள். நானே வந்து நிற்கிறேன்."

திரும்பி வரும்போது நானா, "சேர் இண்டைக்கி ஒண்டு செல்லிட்டீங்க," என்றார். சேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது இங்கே முடிந்திருந்தால் அழகான கதை.

பௌர்ணமியான போயா தினத்தன்று மேளத்தோடு புத்தர் எழுந்தருளினார். ஊர் கூடித் தெரிவு செய்த இடம், காணியிலேயே உயரமானது, சமமானது, தெருவைப் பார்த்தது. வரைபடத்தில் அது நாலு வீட்டுத் துண்டுகள். அடுத்த வெள்ளிக்கிழமை களஞ்சியத்துக் குடும்பங்கள் பிள்ளையாரைத் தூக்கின. புத்தர் மேலே போகும்போது பிள்ளையாரைக் கீழே, நஞ்சுக்குள் விட்டுவைக்க யாருக்குத்தான் மனம் வரும். மேல் வரிசையில், ஆறு தெரியும் துண்டில் வைத்தார்கள். பாக்கியம் அக்காவே தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

"அக்கா, இது உங்க துண்டுதானே?"

"ஆமாங்க மிஸ். சாமிக்குத்தானே. ஐயாகிட்ட கேட்டுக்கிட்டேன், என் எடத்தைக் குடுத்தா எனக்கு வேற எடம் கெடைக்குமான்னு. ஓம்னு சொன்னாரே."

நான் சேரைத் தேடினேன். அவர் சற்றுத் தள்ளி, பிரசாதம் வாங்கிக்கொண்டிருந்தார். "இன்னுங் கொஞ்சம் பொங்கல் வைக்கவா ஐயா?" ஓம்.

ஹாமுதுரு சொன்னபடி வந்து, குடையின் கீழ் நின்றார். வெட்டையைத் தோண்டினோம். முழங்கை ஆழத்தில் கருப்புக் கூடுகள் அடுக்கடுக்காக. அதற்குக் கீழே சாம்பல் நிறச் சேறு, மூக்கைக் குத்தும் மணம். ஆய்வுகூட முடிவு வந்தபோது, ஈயத்தின் அளவு கூடிவிட்டது என்று எழுதுவது போதாமல் இருந்தது. எத்தனை மடங்கு என்று எழுத வேண்டியிருந்தது. வெட்டைக்கு வேலி போட்டார்கள். வேலிக்குள் போனதும், இரண்டு தெய்வங்களுக்குப் போனதும் கழிய, மிஞ்சியது பதினொரு வீட்டுக்கான நிலம். குடும்பங்கள் பதினெட்டு. சீட்டுக் குலுக்கினார்கள்.

பாக்கியம் அக்காவின் பெயர் வரவில்லை.

சேர் அந்த இடத்தில் நின்றார். ஓடிப்போகவில்லை, அதைச் சொல்ல வேண்டும். பாக்கியம் அக்கா அவர் பக்கம் போகாமல் என்னிடம் வந்தார். குழந்தை வேலிக் கம்பியைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு நாளும் இல்லைன்னு சொல்ல மாட்டாரு அந்த ஐயான்னு டிரைவர் நானா சொன்னாரு மிஸ். நல்ல மனுசன்தான். ஓம்னு சொன்னதும் எங்களுக்குத்தான். இல்லைன்னு சொன்னதும் எங்களுக்குத்தான்."

சேருக்குக் கேட்டிருக்கும். அவர் குடையை விரித்தார். மழை இல்லை.

விசாரணையில் அவரிடம் கேட்டார்கள். முதல் அறிக்கை உங்களுடையதா? ஓம். இரண்டாவது அறிக்கையும் உங்களுடையதா? ஓம். இரண்டும் சரியா? ஓம். அவர்கள் முகம் சுளித்தார்கள். என்னைக் கேட்டால், மூன்றும் சரியான விடைகள். அடுத்த மாதம் இடமாற்றம் வந்தது. வவுனியாவுக்குப் போகச் சம்மதமா என்று ஒரு சடங்குக்குக் கேட்டார்கள்.

பஸ்ஸில் ஏற்றிவிட நானாவும் நானும் போனோம். "சேர், அந்தப் பக்கம் ஆமிக்காரனும் ஈக்கிறான், மத்தவனும் ஈக்கிறான்," என்றார் நானா. "ரெண்டு பேருக்கும் ஒவ் செல்லிராதீங்க."

"ஓம் நானா."

சிரித்தோம். சேரும் சிரித்தார். பஸ் வெளிக்கிட்டதும், பக்கத்து ஆசனத்துக்காரர் எதையோ கேட்பதும் சேர் தலையாட்டுவதும் கண்ணாடிக்குள் தெரிந்தது. ஜன்னல் ஓர ஆசனம் அந்த மனிதருக்குப் போயிற்று.

சில மாதங்களுக்குப் பிறகு அந்தப் பக்கம் சண்டை கடுமையாகியபோது கடிதம் எழுதினேன். சுகமாக இருக்கிறீர்களா? அங்கே ஷெல் அடி என்கிறார்களே, உண்மையா? திரும்பி வருவீர்களா? ஒரு தபாலட்டை வந்தது. 'அன்புள்ள பிள்ளைக்கு, மூன்றுக்கும் ஓம். பாக்கியத்தின் பிள்ளை வேலிக்குள் போகாமல் பார்க்கச் சொல்லவும்.' அதற்குப் பிறகு நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. எந்தக் கேள்விக்கும் அவரிடமிருந்து எனக்குப் பதில் வராமல் போனது அதுதான் முதல் தடவை.

இன்றைய நிலை: பதினொரு வீடுகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஏழு குடும்பங்கள் களஞ்சியத்தில் இருக்கின்றன. பாக்கியம் அக்காவின் மகள் பள்ளிக்கூடம் போகிறாள், வாய்ப்பாடு நன்றாகச் சொல்கிறாள். வேலிக் கம்பத்தில் நாலைக் காணவில்லை. அவற்றைத் திரும்பப் போடச் சொல்லி எழுதியிருக்கிறேன். வெட்டையில் இன்னும் புல் முளைக்கவில்லை.